நாலாம் நம்பர் பொடி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் பாதிப் பேர் சௌக்கியம். மீதிப் பாதி உங்கள் அண்ணன்.

போனில் சொல்லலாமே என்று கேட்காதீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கி, "இங்க எல்லாம் நல்லா இருக்குடா, நீ படிப்பைப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறார். ஒன்றும் நல்லா இல்லை. உங்களிடம் சாதாரணச் சளி என்று சொன்னாரே, அது காசநோய். டிசம்பரில் ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் ஓயாத வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். மாத்திரை கல்லீரலைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். இரண்டு வாரம் நிறுத்திவைத்துப் போன வாரம்தான் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடி ஈரல் கெட்டால் வேறு மருந்தாம், ஊசியாம், ஒன்றரை வருடமாம். மாத்திரையை நிறுத்தினால் நோய் கொல்லும், சாப்பிட்டால் மாத்திரை கொல்லும். நடுவில் உட்கார்ந்துகொண்டு, லேத் பட்டறைக்கு எப்போது போகலாம் என்று என்னைக் கேட்கிறார்.

மாத்திரை வாங்கும் மருந்தகத்தில் எங்கள் பெஞ்சில் ஒரு லிப்ட்காரர் உட்காருவார். ஏதோ பெரிய கட்டடத்தில் முப்பது வருடமாக லிப்ட் ஓட்டுகிறவர். அவருக்கும் இதே நோய், இதே மாத்திரை. "இன்னைக்கு ஒரு வாய் சாப்பிட்டாராம்மா?" என்று தினமும் விசாரிக்கிறார். மருந்து ஈரலைக் கெடுப்பதைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிற சொந்தத் தம்பிக்கு விஷயமே தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால், இப்போதைக்கு உங்கள் இரண்டு பேர் மேலும்.

பதிலை என் அலுவலக விலாசத்துக்குப் போடுங்கள். புகார்ப் பிரிவுக்கு வரும் கடிதங்களை நான் ஒருத்திதான் பிரிப்பேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று எழுதவே கை கூசுகிறது. உங்கள் கடிதத்தை லேப் வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். அண்ணன் என்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனவர். அவருக்கு வந்ததைச் சளி என்று நம்பிய என்னை நீங்கள் திட்டியது குறைவுதான்.

ஆனால் அண்ணி, நான் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருப்பதே இதைத்தான். எங்கள் எலிகளை நான்கு கூண்டாகப் பிரித்திருக்கிறோம். முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு அண்ணன் சாப்பிடும் அதே மாத்திரை, அளவைக் கூட்டி. மூன்றாவதற்கு நாங்கள் சோதிக்கும் ஒரு மூலிகையின் இலைச்சாறு மட்டும். நான்காவதற்கு முதலில் இலைச்சாறு, அரை மணி கழித்து மாத்திரை. இரண்டாம் கூண்டு எலிகளின் ஈரல் வீங்கி, நிறம் மாறி, பார்க்கச் சகிக்காது. நான்காம் கூண்டு எலிகளின் ஈரலையும் நானே வெட்டிப் பார்த்தேன். தண்ணீர் குடித்த எலிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால் அந்தச் சாற்றைக் காய்ச்சி உலர்த்திய பொடிக்கு லேபில் நாலாம் நம்பர் என்றே பெயர்.

ஒரு பெரிய பால்பவுடர் டப்பா நிறைய அனுப்பியிருக்கிறேன். காலையில் மாத்திரைக்கு அரை மணி முன்னால், ஒரு ஸ்பூன், வெந்நீரில். எலிக்குக் கொடுத்த மாதிரியே. என் பேராசிரியருக்கு இது தெரியாது. நீங்களும் மருந்தகத்தில் சொல்ல வேண்டாம். ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? இங்கே நிலவரம் கொஞ்சம் தேவலை.

பொடி வந்த நாளிலிருந்து இவர் அலாரம் வைத்து எழுந்திருக்கிறார். நான் கொடுக்கிற மாத்திரைக்கு மூஞ்சியைச் சுளிப்பவர், அந்தக் கசப்பைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "தம்பி கொடுத்தது" என்று வாயைத் துடைத்துக்கொள்கிறார். மருந்தகத்தில் சொல்ல வேண்டாம் என்றீர்கள். இவர் டாக்டர், நர்ஸ் இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

போன வாரப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறக்குறைய சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது. வாந்தி இல்லை. அசடு வழியச் சிரித்தேன். உங்களுக்கு நன்றி சொல்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கிடைக்காது.

இன்னொரு விஷயம். மாத்திரை ஆரம்பித்த அன்றே நர்ஸ் சொன்னாள், "ஒண்ணுக்கு செவப்பாத்தான் போகும், பயப்படாதீங்க, மாத்திரையோட கலர்" என்று. அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பொடி குடிக்க ஆரம்பித்த நாலாம் நாளிலிருந்து சிவப்பே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இவர் குளியலறையிலிருந்து கத்திக்கொண்டே வெளியே வந்தார்: "என் தம்பி ஈரலைக் கழுவி விட்டுட்டான்!" பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு அந்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை. புகார்ப் பிரிவில் பதினாறு வருடம். காரணம் தெரியாமல் நல்ல செய்தியைக்கூட நான் ஃபைலில் போடுவதில்லை. மாத்திரையின் நிறம் என்றால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது எப்படிக் காணாமல் போகும்? எழுதுங்கள்.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். லேபில் வேலை அதிகம்.

பொடியை இனிமேல் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் இலை கிடைக்கவில்லை, இருப்பு தீர்ந்துவிட்டது, அனுப்ப முடியாது. இன்றே நிறுத்திவிடுங்கள். டாக்டரிடம் ஒருமுறை சளிப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நாலு வரி கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி.

நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. போகட்டும். கடையில் சரக்கு தீர்ந்தால் வீட்டில் இருப்பதை ஏன் இன்றே நிறுத்த வேண்டும்? எங்கள் டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. புகார் எழுதுகிறவர்கள் எதை விட்டுவிட்டு எழுதுகிறார்களோ அதில்தான் விஷயம் இருக்கும். இருந்தாலும் நிறுத்திவிட்டேன். மூன்றே நாளில் சிவப்பு நிறம் திரும்ப வந்துவிட்டது. இவர் பயந்து போய் ஈரல் பரிசோதனை எடுத்தார். ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருக்கிறது, தாங்கும் அளவுதான் என்றார் டாக்டர். சளியில் இன்னும் கிருமி தெரிகிறதாம். இத்தனை நாளில் போயிருக்க வேண்டுமே என்று டாக்டர் புருவத்தைச் சுருக்கி, இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்.

இப்போது முக்கியமான விஷயம். லிப்ட்காரருக்குப் போன வாரம் கண் மஞ்சளாகிவிட்டது. உங்கள் அண்ணன் மனசு கேட்காமல் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்துவிட்டார். "எனக்கு ஈரல் தேறிடுச்சு. இனிமே இது கிடைக்காதாம். இருக்கிறதை நீங்களாவது சாப்பிடுங்க" என்று சொன்னாராம். பெரிய வள்ளல். என்னைக் கேட்கவில்லை.

அவர் சாப்பிடலாமா, கூடாதா? கூடாது என்றால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். நானே போய் டப்பாவை வாங்கி வந்துவிடுகிறேன். இந்தக் கேள்வியையும் விட்டுவிட்டுப் பதில் எழுதாதீர்கள்.

அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பார்வை: எனது ஏப்ரல் 8 கடிதம்.
பொருள்: லிப்ட்காரர், பொடி.
பதில் இதுவரை வரவில்லை. இது நினைவூட்டு. அலுவலகத்தில் நான் இரண்டாவது நினைவூட்டு அனுப்புவதில்லை, மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன். குடும்பத்தில் மேலிடம் உங்கள் அண்ணன். அவர் உங்களை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார். அதனால் உங்களுக்கே மறுபடி எழுதுகிறேன்.

அண்ணி


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எப்படி இருக்கிறார்? எடை ஏறியிருக்கிறதா? இருமல் குறைந்ததா? பட்டறைக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இங்கே இரண்டு மாதமாக மூச்சு விட நேரமில்லை. பேராசிரியர் எங்கள் கட்டுரையை அனுப்பி, அது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அவர் பெயருக்கு அடுத்தபடியாக என் பெயர். செப்டம்பரில் என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. தட்டச்சு, பிழை திருத்தம் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். விடுதியில் அறை மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் உள்ள அறை. கூடவே இருந்த நண்பன் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

லிப்ட்காரரை டாக்டர் சொல்படி நடந்துகொள்ளச் சொல்லுங்கள்.

தேர்வு முடிந்ததும் நேரில் வந்து எல்லாம் பேசுகிறேன். உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூலை 11

தம்பி,

நலம் விசாரிக்கப் போவதில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு அது வரவில்லை.

லிப்ட்காரர் போன திங்கட்கிழமை லிப்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது. இனிமேல் பழைய மாத்திரைக்கு அந்தக் கிருமி சாகாதாம்.

அவரை மருந்தகத்துக்குக் கொண்டுவந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், உன் அண்ணனுக்கு மாத்திரை வாங்க. வரிசையே பார்த்துக்கொண்டிருக்கிறது, நர்ஸ் லிப்ட்காரரைப் பிடித்து வாங்குகிறாள். "மாத்திரையை வாங்கிட்டுப் போய்த் தூக்கிப் போட்டீங்களா? பொய் சொல்லாதீங்க. உள்ளே போயிருந்தா ஒண்ணுக்கு செவப்பாப் போயிருக்கும். உங்களுக்குத் தண்ணி மாதிரி இருக்கு!" அவர் கையைக் கூப்பிக்கொண்டு, "எல்லாத்தையும் முழுங்கினேம்மா. ஒண்ணுகூட விடலம்மா" என்கிறார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் கார்டில் எழுதினார். நான் எட்டிப் படித்தேன்: "மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளாதவர்."

மார்ச்சில் நான் உன்னைக் கேட்ட கேள்விக்கு ஜூலையில் நர்ஸ் பதில் சொன்னாள். மாத்திரை உடம்புக்குள் போகவே இல்லை. உன் பொடி அதைப் போக விடவில்லை. நாங்கள் அதை ஈரல் தேறியது என்று கொண்டாடினோம்!

உனக்கு அது எப்போது தெரிந்தது? உன் அண்ணனுக்கு நிறுத்தச் சொன்னாயே, அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் "இலை கிடைக்கவில்லை" என்று எழுதினாய். நீ காரணத்தைச் சொல்லியிருந்தால் டப்பாவைச் சாக்கடையில் கொட்டியிருப்பேன். தீர்ந்துவிட்டது என்று சொன்னதால்தான் உன் அண்ணன் அதைப் பெரிய சொத்து மாதிரி அந்த மனிதருக்குத் தூக்கிக் கொடுத்தார். அதன் பிறகும் கேட்டேனே. ஒரு வரி கேட்டேன். நீ ஜன்னல் உள்ள அறை கிடைத்தது என்று எழுதினாய். உன் வீட்டு ஆள் பிழைத்தால் போதும் என்று இருந்துவிட்டாய். எப்படியடா மனசு வந்தது?

அவருக்கு இப்போது புதிய மருந்து கொடுக்கவே யோசிக்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவருக்கு எதற்கு என்று. டாக்டரிடம் நான் பொடியைப் பற்றிச் சொன்னேன். "இந்த மாதிரி நிறைய கேட்டிருக்கேன்மா" என்று கையை ஆட்டிவிட்டார். நீ எழுத வேண்டும். லேபில் என்ன பார்த்தாய், எப்போது பார்த்தாய், எல்லாவற்றையும். இந்தத் தடவை எதையும் விடாமல்.

அண்ணி


ஜூலை 18

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை.

மார்ச்சில் உங்கள் கடிதம் வந்த அன்றே நிறம் போனது என்ற வரியில் நின்றுவிட்டேன். நாங்கள் எலிகளின் ஈரலைத்தான் பார்த்திருந்தோம். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. உறையவைத்திருந்த நாலாம் கூண்டு ரத்தத்தை எடுத்து நானே அளந்தேன். மருந்து ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இலையில் உள்ள துவர்ப்பு மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரல் கெடாததற்குக் காரணம், ஈரலுக்கு மருந்தே போகவில்லை. நாங்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு அவ்வளவுதான். கிருமிக்கும் அதே பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

அட்டவணையைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். "இது வேற கேள்விப்பா. வேற கட்டுரைக்கு வச்சுக்கலாம்" என்று இழுப்பறையில் போட்டுவிட்டார். நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. லிப்ட்காரர் விஷயம் வந்தபோது, உண்மையை எழுதினால் அது காகிதத்தில் இருக்குமே என்று பயந்தேன். அவருக்கு ஈரல் மட்டும்தான் கெட்டிருக்கிறது, கொஞ்ச நாளில் பொடி தீர்ந்துவிடும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கோழை, அண்ணி.

அந்த அட்டவணையின் நகல் என்னிடம் இருந்தது, அதை இத்துடன் வைத்திருக்கிறேன், தேதியோடு, கையெழுத்தோடு. ஒரே ஒரு வேண்டுகோள். செப்டம்பரில் தேர்வு. அதுவரை இதை டாக்டரிடம் காட்ட வேண்டாம். இரண்டே மாதம். அதற்குள் வெளியே தெரிந்தால் மூன்று வருடமும் போய்விடும். தேர்வு முடிந்த மறுநாள் நானே வந்து அவர் முன்னால் நிற்கிறேன்.

தம்பி


ஜூலை 21

தம்பி,

உன் கடிதம் காலை பத்தரைக்கு வந்தது. பதினொன்றரைக்கு டாக்டர் கையில் இருந்தது. கடைசிப் பாராவையும் சேர்த்தே கொடுத்தேன். அவரும் உன்னைப் போலப் படித்தவர்தானே, அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் அட்டவணையை மூன்று தடவை பார்த்தார். அப்புறம் கார்டை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் லிப்ட்காரருக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். புதிய மருந்து நாளை ஆரம்பம், ஊசியோடு. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இது தேவைப்பட்டிருக்காது" என்றார் டாக்டர். "யார் எழுதினது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் தம்பி என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் அண்ணன் படித்துவிட்டார். நான்தான் கொடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, லிப்ட்காரரைச் சேர்த்த மருத்துவமனைக்குப் போனவர் சாயந்திரம்தான் வந்தார். "நான்தான் கொடுத்தேன், என் கையால கொடுத்தேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சளி இப்போது சுத்தம். அதைச் சொல்லிச் சந்தோஷப்பட இந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. நீ போன் பண்ணினால் அவர் பிடுங்கிப் பேசுவார் என்று நினைக்காதே. இன்று ராத்திரி போன் மணி அடித்தபோது எழுந்து வெளியே போய்விட்டார்.

உன் தேர்வு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட முடியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

மதிப்புக்குரிய தம்பி அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் அண்ணன் அடிக்கடி சொல்லும் லிப்ட்காரர் நான்தான். உங்கள் அண்ணியிடம் விலாசம் வாங்கி, மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். ஊசி போட்டால் காது இரைகிறது. மற்றபடி இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

முப்பது வருடம் லிப்டில் நின்றவன். உள்ளே வருகிறவர்கள் என்ன பேசினாலும் காது கேட்காதவன் மாதிரி நிற்பேன். அந்தப் பழக்கத்தில், என்னைப் பொய்யன் என்று எழுதியபோதும் நின்றுவிட்டேன். உங்கள் அண்ணி சத்தம் போடவில்லை என்றால் அப்படியே செத்திருப்பேன். அதனால் இப்போது சத்தம் போட்டுச் சொல்கிறேன், எனக்கு உங்கள் மேல் கோபம்தான். ஏப்ரல் மாதமே உங்களுக்குத் தெரியும் என்று அண்ணி சொன்னார்கள். ஏப்ரலில் எனக்குப் புதிதாக வந்தது வெறும் மஞ்சள் காமாலைதான், காசநோய் மாத்திரைக்குக் கட்டுப்பட்டே இருந்தது. உங்கள் அண்ணன் தினமும் வந்து என் காலைப் பிடித்து அழுகிறார். அவரை நான் எதற்குத் திட்ட? நல்ல மனசோடு கொடுத்தவர். தெரிந்தே பேசாமல் இருந்தது நீங்கள்.

திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. மே மாதம் என் மனைவியின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் இதே நோய், இதே மாத்திரை, இதே வாந்தி. டப்பாவில் பாதியை அவளுக்குக் கட்டிக் கொடுத்தேன். இப்போது போன் பண்ணி நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். "என்ன அத்தான், ஈரல் டெஸ்ட் இவ்வளவு நல்லா வந்திருக்கு, இதைப் போய் நிறுத்தச் சொல்றீங்க? பெரிய ஆராய்ச்சிக்காரர் செஞ்ச பொடின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்கிறாள். நான் மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றி நோயை முற்ற விட்டேன் என்று அவள் வீட்டில் நினைக்கிறார்கள். கார்டில் எழுதியதை டாக்டர் அடித்துவிட்டார். அவர்கள் மனசில் எழுதியதை யார் அடிப்பது?

அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு இன்னும் பால் கொடுக்கிறாள். விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் அரைநாள்.

கடிதம் போட வேண்டாம். நேரில் போங்கள்.

இப்படிக்கு,
லிப்ட்காரர்